டிராயரில் இருந்த மெமோரியா

அம்மா, சனிக்கிழமை சாயங்காலம் நெர்வா சித்தி வீட்டில் இருந்த உனக்குப் போன் செய்து, "உங்க பொண்ணு நல்லா இருக்கா, நீங்க பயப்படாதீங்க" என்று சொன்ன பெண்மணி என்னைக் கடத்தியவர் இல்லை. அவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். பெயர் ஓஃபிர். தம்பி கெண்ட்ரி அனுப்பிய பதினொரு குரல் செய்திகளையும் இன்று காலை கடையில் நெட் வந்த பிறகுதான் கேட்டேன். ஒன்பதாவதில் நீ செபமாலையைத் தேடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. மன்னித்துவிடு. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

எல்லை தாண்டி வந்து நான் வேலை செய்யும் கடை இந்த மலை ஊரில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. முதலாளி ஆர்செசியோ, மரியாதையாகத் தோன் ஆர்செசியோ. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவேன் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார். அந்த மூன்று மாதம் இன்றைய திங்கட்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை அவர் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று வெளியூர் கிளம்பினார். முதல் தடவையாகக் கடையில் நான் மட்டும்.

அந்த வாரம் முழுக்க மழை. வெள்ளிக்கிழமை மலைப்பாதையில் மண் சரிந்து கேபிளை அறுத்துவிட்டது. கட்டிடம் முழுக்க நெட் இல்லை. பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்க்கும் வெய்மாரின் போனில் சிக்னலே இல்லை. என் போனில் மட்டும் ஒரு கோடோ இரண்டு கோடோ வந்து போய்க்கொண்டிருந்தது. டேட்டாவும் கொஞ்சம்தான் மிச்சம். வழக்கம்போலச் சனிக்கிழமை நாலு மணிக்கு உன் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்காக அதைச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஓஃபிர் டீச்சர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மழையில் நனையாமல் கம்ப்யூட்டர் பெட்டியைக் கம்பளிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, தான் மட்டும் நனைந்திருந்தார். வந்ததுமே என்னை மீஹா, மகளே, என்றுதான் கூப்பிட்டார்.

"புது லேப்டாப் மீஹா. உள்ள ஒண்ணுமே இல்லாம வாங்கினா விலை குறையும்னாங்க. வாங்கிட்டேன். விண்டோஸ் போட்டுத் தரணும். ரெண்டு மணிக்கு எங்க மலைக்கு ஜீப்பு. அதை விட்டா அடுத்தது செவ்வாய்க்கிழமை."

"ஒரு மணி நேர வேலை டீச்சர்" என்றேன். எனக்கே என் குரல் பெரிய ஆள் குரல் மாதிரி கேட்டது.

"நல்லது. ஏன்னா நாளைக்கு காலை ஒன்பது மணிக்கு எனக்குப் பரீட்சை. பதினோரு வருஷமா தபால்ல படிக்கிற பட்டம். வீடியோவுல மூணு பேர் உட்கார்ந்து கேள்வி கேப்பாங்க, நான் பதில் சொல்லணும். ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. ஒரு தடவை மழை. ஒரு தடவை பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. மூணாவது தடவை தள்ள மாட்டோம்னு எழுத்துலயே அனுப்பிட்டாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் கை பெட்டியை விடவில்லை. நான் மெதுவாக இழுத்து வாங்க வேண்டியிருந்தது. பிறகு சாக்பீஸும் கோழிக்கு மருந்தும் வாங்கச் சந்தைக்குப் போனார்.

முதலாளியின் பென்டிரைவைச் செருகி வேலையைத் தொடங்கினேன். மொழி கேட்டது, சொன்னேன். நேரம் கேட்டது, சொன்னேன். எந்த டிஸ்கில் போட வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வர வேண்டும். பட்டியல் வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. கீழே 'டிரைவரை ஏற்று' என்று ஒரு பொத்தான்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை அம்மா. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளோடும் எப்படிப் பேசுவது என்று விண்டோஸுக்குச் சொல்லித் தரும் சின்ன நிரல். டிஸ்க் உள்ளே இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் முதலாளியின் பென்டிரைவ் பழசு. இந்த வருடத்து லேப்டாப்பின் பேச்சு அதற்குப் புரியவில்லை. புரியாததால் டிஸ்கே இல்லை என்கிறது.

தோன் ஆர்செசியோவைக் கூப்பிட்டேன். பஸ்ஸில் இருந்தார். பாட்டுச் சத்தம்.

"டிஸ்க் தெரியலையா? அட, ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. டிராயர்ல மெமோரியா இருக்கு பாருங்க. அதைப் போடுங்க, தெரியும்."

"மெமோரியாவா தோன் ஆர்செசியோ?"

"ஆமா, மெமோரியா. சும்மா போடுங்க, பயப்படாதீங்க."

அதோடு பஸ் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது. லைன் போயிற்று.

இந்த ஊரில் எல்லோரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார்கள் அம்மா. நாய்க்குச் சோறு வைக்கும்போதுகூட, "வாங்க, சாப்பிடுங்க" என்பார்கள். நம் ஊரான கபிமாஸில் மேயரையே 'நீ' என்று கூப்பிடுவோம். இந்த மரியாதையில் மயங்கி, பேச்சு முழுக்கப் புரிகிறது என்று நினைத்துவிடுவேன். எல்லாம் அதே வார்த்தைகள்தானே.

டிராயரைத் திறந்தேன். உள்ளே வெள்ளி உறைக்குள் இரண்டு மெமோரியா இருந்தன. மெமோரியா என்றால் நமக்கு என்ன? கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் செருகும் ராம் அட்டை. ஏன் அதைப் போட்டால் டிஸ்க் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. முதலாளி சொன்னால் காரணம் இருக்கும், கேள்வி கேட்டால் திங்கட்கிழமை அதையும் நினைத்துப் பார்ப்பார் என்று தோன்றியது. லேப்டாப்பைக் கவிழ்த்தேன். ஒரு திருகின் மேல் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'கிழித்தால் செல்லாது' என்று எழுதியிருந்தது. கிழித்தேன்.

பத்துத் திருகையும் கழற்றி, மூடியைத் திறந்து, அட்டையைச் செருகப் பார்த்தேன். நுழையவில்லை. திருப்பிச் செருகினேன். நுழையவில்லை. வியர்த்துவிட்டது, இந்தக் குளிரிலும்.

"என்ன சாமா, பிரேதப் பரிசோதனையா?"

வெய்மார் கதவில் சாய்ந்து நின்றான். கையில் வெல்லத் தண்ணீர்க் கோப்பை. நம் ஊர்ப் பெண்களை இங்கே 'சாமா' என்றுதான் கூப்பிடுவார்கள், தோழியை அழைக்க நாம் வாய்க்கு வாய் சொல்கிற வார்த்தையை நமக்கே பேராக வைத்துவிட்டார்கள்.

"முதலாளி மெமோரியாவைப் போடச் சொன்னாரு" என்றேன்.

அவன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இதையா? அவர் சொன்னது இதை இல்ல. மெமோரியாங்க. மெமோரியா." டிராயருக்குள் கையை விட்டு, மிட்டாய் டப்பாவுக்குக் கீழேயிருந்து ஒரு சிவப்புப் பென்டிரைவை எடுத்து என் மூக்குக்கு நேரே ஆட்டினான். "இதுதான் மெமோரியா."

"அது பென்டிரைவ்."

"உங்க ஊர்ல. இங்க பொறந்த குழந்தைகூட இதை மெமோரியான்னுதான் சொல்லும். பாவம், அந்த டீச்சரோட லேப்டாப்பு. வயித்துல ஆபரேஷன் பண்ணிட்டீங்க, நோய் பல்லுல."

நான் அழவில்லை அம்மா. அழுதிருந்தால் திருகுகள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஒன்பது திருகை மாட்டினேன். பத்தாவது கிடைக்கவே இல்லை. மணி பன்னிரண்டு. அப்போதுதான் ஓஃபிர் டீச்சர் படியேறி வந்தார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஸ்டிக்கர் கடையிலேயே கிழிந்திருந்தது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? வெய்மார் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். மெமோரியா, ஸ்டிக்கர், காணாமல்போன திருகு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கம்ப்யூட்டர் செத்துருச்சா?"

"இல்ல டீச்சர்."

"உயிரோட இருக்கா?"

"இருக்கு. டிஸ்க்தான் தெரியல. அது முன்னாடியும் தெரியல."

"அப்போ போனது ஒரு ஸ்டிக்கர்." பையிலிருந்து நோட்டை எடுத்தார். "நில்லுங்க. உங்க ஊர்ல மெமோரியான்னா உள்ள போடறது. எங்க ஊர்ல வெளிய செருகறது. சரியா? இதை எழுதிக்கறேன். எங்கிட்ட அஞ்சு வகுப்புப் பிள்ளைங்க ஒரே அறையில படிக்கறாங்க. திங்கட்கிழமை சொன்னா ஒரு வாரம் சிரிப்பாங்க." உண்மையாகவே எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி, "இப்போ சொல்லுங்க மீஹா. ரெண்டு மணிக்குள்ள முடியுமா முடியாதா?" என்று கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"தெரியல டீச்சர்."

"சரி. தெரியலன்னு சொல்றவங்ககிட்ட விட்டுட்டுப் போகலாம். ஒரு மணி நேரம்னு சொன்னீங்களே, அப்பத்தான் எனக்கு பயமா இருந்துச்சு."

சிவப்பு மெமோரியாவைச் செருகினேன். முதலாளி சேர்த்துவைத்த டிரைவர்கள் அதில் நூறு இருந்தன. டிஸ்குக்கானதைக் கண்டுபிடித்து ஏற்றினேன். பட்டியல் மறுபடியும் வெள்ளையாகவே வந்தது. அதுவும் இரண்டு வருடத்துப் பழசு. புதியது வேண்டும். புதியது, தயாரித்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. பக்கம் நெட்டில் இருக்கிறது. நெட் என் போனில் மட்டும் இருக்கிறது.

சிக்னலுக்காக ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டி, லேப்டாப்பின் அடியில் இருந்த மாடல் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பக்கம் அரை அரையாக வந்தது. அதில் இந்த மாடலுக்கான டிரைவர்கள் வரிசையாக இருந்தன. டிஸ்குக்கானது சின்னது. அதை இறக்கினாலும் உன்னோடு பேச மிச்சம் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் தொட்டேன். பன்னிரண்டரைக்கு முழுசாக இறங்கியது.

போனிலிருந்து கடைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அங்கிருந்து சிவப்பு மெமோரியாவுக்கு ஏற்றப் பார்த்தால், எழுத முடியாது என்றது. பக்கவாட்டில் ஒரு பூட்டுப் பித்தான் இருந்தது. தள்ளினேன். அசையவில்லை.

"அது அசையாது" என்றான் வெய்மார். "போன வருஷம் யாரோ வைரஸ் ஏத்திட்டாங்கன்னு கோபத்துல உங்க முதலாளி பசை ஊத்திட்டாரு."

விண்டோஸ் இருந்த பென்டிரைவில் இடமில்லை, கடையில் வேறு மெமோரியாவும் இல்லை. வெய்மாரிடம் இருந்த ஒன்றைப் பிள்ளைகள் கடித்து வைத்திருந்தார்கள். ஓஃபிர் டீச்சர் கழுத்திலிருந்த கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினார். கயிற்றில் மாதா பதக்கமும், அதோடு ஒரு நீல மெமோரியாவும் இருந்தன.

"இதுல போடலாமா?"

"இதுல என்ன இருக்கு டீச்சர்?"

"பதினோரு வருஷம்."

"வேற எங்கயாவது பிரதி இருக்கா?"

"செத்துப்போன கம்ப்யூட்டர்ல இருந்துச்சு."

நான் கையை நீட்டவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் இவருடைய புது லேப்டாப்பை அறுத்திருக்கிறேன். அவர் என் கையைப் பிடித்து, விரலைப் பிரித்து, அதை உள்ளே வைத்து மூடினார்.

"நீங்க செஞ்ச தப்பை நீங்களே வந்து சொன்னீங்க. எனக்கு அது போதும். எடுங்க."

அம்மா, இந்த ஊருக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் சாவிகூடத் தந்ததில்லை. தோன் ஆர்செசியோ நல்லவர்தான், ஆனால் கடையை அவரேதான் பூட்டித் திறப்பார். அந்தச் சனிக்கிழமைகூடச் சாவியை வெய்மாரிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

முதலில் அவருடைய கோப்புகளைக் கடைக் கம்ப்யூட்டரில் மூன்று இடத்தில் பிரதி எடுத்தேன். பிறகுதான் டிரைவரைத் தனி ஃபோல்டரில் போட்டேன். பயத்தில் ஃபோல்டருக்கு என் பெயரையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் 'டயெர்லின் அழிக்காதீங்க' என்று பெயர் வைத்தேன். யாரை யார் அழிக்கக் கூடாது என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

லேப்டாப்பில் செருகி, 'டிரைவரை ஏற்று' அழுத்தி, ஃபோல்டரைக் காட்டினேன். பொருத்தமான டிரைவர் எதுவும் இல்லை என்றது. மறுபடி காட்டினேன். இல்லை என்றது. மணி பன்னிரண்டு ஐம்பது.

வெய்மார் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "சாமா, கிறிஸ்துமஸுக்கு நீங்க ஹயாக்கா செய்வீங்களே, அதை வாழையிலையோட சேத்தா தின்பீங்க?"

"இப்போ சாப்பாட்டுப் பேச்சா?"

"சொல்லுங்களேன். இலையோடயா?"

"பிரிச்சுதான்."

"நாங்களும் தமாலைப் பிரிச்சுதான் தின்போம். நீங்க இறக்கினது இலையோட இருக்கு. பொட்டலத்தை அப்படியே காட்டினா அதுக்கு எப்படித் தெரியும் உள்ள மாவா இறைச்சியான்னு? பிரிச்சுப் போடுங்க."

அவ்வளவுதான் விஷயம். இறக்கியது ஒரே பொட்டலம். அதைக் கடைக் கம்ப்யூட்டரில் பிரித்தபோது உள்ளேயிருந்து ஏழெட்டுச் சின்னக் கோப்புகள் வந்தன. அவற்றை ஃபோல்டரில் போட்டுத் திரும்பக் காட்டினேன். டிரைவரின் பெயர் திரையில் வந்தது. அழுத்தினேன். ஒரு பச்சைக் கோடு ஊர்ந்து போனது. பிறகு அந்த வெள்ளைப் பட்டியலில் ஒரு வரி வந்து நின்றது: டிஸ்க் 0.

"பூஜ்யமா?" என்றார் ஓஃபிர் டீச்சர் கவலையோடு.

"பூஜ்யம்னா நல்லது டீச்சர். அங்கயிருந்துதான் எண்ணும்."

"அப்படியா. அதையும் எழுதிக்கறேன்."

ஒன்றே காலுக்கு விண்டோஸ் ஏறி முடிந்தது. நான் மூச்சு விட்டேன். பிறகு திரையின் மூலையைப் பார்த்தேன். வைஃபை அடையாளம் இல்லை. வைஃபைக்கும் டிரைவர் இல்லை. அவருடைய பள்ளிக்கூடத்தில் சாட்டிலைட் நெட் இருக்கிறது. ஆனால் இந்த லேப்டாப் அதைப் பார்க்காது. நாளை ஒன்பது மணிக்கு மலை மேல், எல்லாம் தயாராக, நெட் தெரியாத ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருப்பார்.

வைஃபை டிரைவரின் அளவைப் பார்த்தேன். என் போனில் மிச்சமிருந்த டேட்டாவைப் பார்த்தேன். இறக்கினால் தீர்ந்துவிடும். ரீசார்ஜ் கடைகளும் நெட் இல்லாமல் மூடிக் கிடந்தன. நாலு மணிக்கு நீ சித்தி வீட்டுத் திண்டில் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பாய். நான் வரமாட்டேன். உனக்கு என்னென்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ ஒரு தடவை அழைப்பை எடுக்காவிட்டால் எனக்கும் அதெல்லாம்தான் தோன்றும்.

அழுத்தினேன் அம்மா. நீயும் அதைத்தான் செய்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை இலையைப் பிரித்துத்தான் போட்டேன். ஒன்று நாற்பதுக்கு மூலையில் வைஃபை அடையாளம் முளைத்தது. அருகிலுள்ள இணைப்புகள் என்று ஒரு பட்டியல் வந்தது. முதல் பெயர், 'வெய்மார் கடை, பாஸ்வேர்டு கேக்காதீங்க.' நெட் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் காற்றில் இருந்தது. கேமரா தெரிந்தது, ஒலி வந்தது. அவருடைய ஆய்வின் பிடிஎஃப் திறந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. அதை அவர் விரலால் தொட்டார்.

அப்போது என் போன் சிணுங்கியது. டேட்டா முடிந்தது என்று செய்தி. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். டீச்சர்களிடம் எதையும் கவிழ்த்து மறைக்க முடியாது.

"அந்த டேட்டாவை யாருக்கு வச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். ஜீப்பு."

"நடந்துக்கிட்டே சொல்லுங்க."

கடையை வெய்மாரிடம் விட்டுவிட்டு, லேப்டாப்பை அவர் கம்பளிக்குள் கட்டிக்கொள்ள, கோழி மருந்தையும் சாக்பீஸையும் நான் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடினோம். ஓட்டத்திலேயே உன்னைப் பற்றியும் நாலு மணி அழைப்பைப் பற்றியும் சொன்னேன். ஜீப் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. வாழைத்தார், ஆறு பேர், ஒரு ஆட்டுக்குட்டி. அவர் ஏறி உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்தார், மெமோரியா எழுதிய அதே பக்கம்.

"அம்மா நம்பரைச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்து நெட்டுல நான் கூப்பிடறேன். புது கம்ப்யூட்டர் வேலை செய்யுதான்னு பாத்த மாதிரியும் ஆச்சு."

சொன்னேன். கடைசி இரண்டு எண்ணை ஓடும் ஜீப்புக்குப் பின்னால் கத்தினேன்.

அவர்தான் உன்னைக் கூப்பிட்டது. படத்தை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினாராம், நீ அதனால்தான் இன்னும் பயந்திருக்கிறாய். மழையிலும் ஜீப்பிலும் கலைந்த தலைமுடியோடு ஒரு தாயின் முன்னால் வர வெட்கமாக இருந்ததாம்.

இன்று தோன் ஆர்செசியோ வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர் இல்லாத லேப்டாப்புக்குப் பழுது வந்தால் கடையே பார்த்துக்கொள்ளும் என்றார். டிராயரில் இரண்டு சீட்டு ஒட்டினார். ஒன்றில் 'மெமோரியா', இன்னொன்றில் 'டயெர்லின் ஊர் மெமோரியா'. பசையை ஊசியால் சுரண்டி எடுத்து, புது டிரைவர்களையெல்லாம் சிவப்பு மெமோரியாவில் ஏற்றச் சொன்னார். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிடப் போகும்போது, "பூட்டிட்டு வாங்க" என்று சாவியை என் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஓஃபிர் டீச்சரின் செய்தியும் இன்றுதான் வந்தது. மூன்று பேரும் திரையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் தன் திரையை அவர்களுக்குக் காட்டியிருக்கிறார். நீல மெமோரியாவில் ஆய்வுக்குப் பக்கத்திலேயே என் ஃபோல்டர். நடுவில் இருந்த பேராசிரியர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "யாரு டீச்சர் இந்த டயெர்லின், ஏன் அழிக்கக் கூடாது?" என்று கேட்டாராம். இவர் சொல்ல ஆரம்பித்து நாலு நிமிடம் அதிலேயே போய்விட்டதாம். ஒரே அறையில் ஐந்து வகுப்புக்குப் பாடம் நடத்துவதுதான் அவருடைய ஆய்வு. ஒரே வார்த்தை இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பொருளாக இருந்தால் டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்ததாம். நோட்டைத் திறந்து நம் மெமோரியா கதையைப் படித்தாராம்.

தேறிவிட்டார் அம்மா. ஃபோல்டர் இன்னும் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

இந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு நான் கட்டாயம் கூப்பிடுவேன். அதற்கு முன்னால் ஓஃபிர் டீச்சரின் அந்த நம்பரிலிருந்து திரும்ப அழைப்பு வந்தால் எடு. உன் ஹயாக்கா எப்படிக் கட்டுவது என்று கேட்பாராம். தெரியாத நம்பர் என்று கெண்ட்ரி போனிலிருந்து அதை அழித்துவிடப் போகிறான், பார்த்துக்கொள்.